வாரத்துக்கு 15 மணி நேரம்

குளிரங்கியைத் தரையில் விரித்து, அதன் உட்புறம் மேலே தெரியும்படியும் கழுத்துப் பகுதி பிள்ளையின் கால்விரல்களுக்கு அருகே வரும்படியும் வைத்து, பிள்ளையைக் குனியச் செய்து, இரண்டு கைகளையும் அங்கியின் கைகளுக்குள் நுழைக்கச் சொல்லி, பின்பு ஒரே வீச்சில் அதைத் தலைக்கு மேலாக முதுகுப்புறம் எறியச் சொன்னால், மூன்று வயதுப் பிள்ளை எவருடைய உதவியுமின்றித் தன் அங்கியைத் தானே அணிந்துகொண்டுவிடும். இந்த வித்தையை எனக்குக் கற்பித்தவர் கிழக்கு லண்டனில் ஒரு தேவாலய மண்டபத்தில் பிள்ளைகளைப் பராமரித்துவந்த ஓர் ஆங்கில மூதாட்டி. அன்று தொடங்கி ஓய்வு பெற்ற நாள் வரை, எத்தனையோ மார்கழி மாதக் காலைகளில், எத்தனையோ பிள்ளைகளுக்கு நான் அதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

அவர்களுள் ஒரு சிறுவனைப் பற்றி மட்டும் இங்கே விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். அவன் வீட்டுக்குத் தலைப்பிள்ளை; தாய் வேலைக்குப் போகிறவர் அல்லர்; அம்மம்மாவும் கூடவே இருந்தார். ஆகையால் அவனுக்கு உடுப்பு மாட்டவும், சோறு ஊட்டவும், சப்பாத்துப் பூட்டவும் வீட்டிலே எந்நேரமும் இரண்டு சோடிக் கைகள் ஆயத்தமாக இருந்தன. எங்கள் நேசரிக்கு வந்த முதல் வாரத்தில், வெளியே போகும் நேரம் வந்ததும் மற்றப் பிள்ளைகள் தத்தம் கொளுவிகளை நோக்கி ஓட, இவன் மட்டும் அறையின் நடுவிலே இரண்டு கைகளையும் சிறகுபோல விரித்துக்கொண்டு, யாராவது வந்து உடுத்திவிடுவார்கள் என்ற பூரண நம்பிக்கையோடு அசையாமல் நிற்பான். நான் அவனருகே முழங்காலிட்டு, அங்கியை விரித்து வைத்துவிட்டுக் காத்திருப்பேன். பத்து நாள் கழித்து, வீட்டுக்குப் போகும் வேளையில், அவனாகவே கைகளை நுழைத்து வீசினான். கழுத்துப் பகுதி எதிர்ப்பக்கமாக இருந்தபடியால் அங்கி தலைகீழாக ஏறி, தொப்பி இடுப்புக்குக் கீழே தொங்கியது. அவன் அழவில்லை. குனிந்து பார்த்தான், கழற்றித் தரையில் இட்டான், பிறகு அங்கியைத் திருப்பாமல், அதைச் சுற்றி நடந்து மறுபக்கத்தில் போய் நின்றுகொண்டான். அந்தப் புத்தி எனக்கு இன்றைக்கும் வியப்பளிக்கிறது. மறுபடியும் குனிந்து வீசினான். இம்முறை சரியாக விழுந்தது.

அவனைக் கூட்டிச் செல்ல நேரத்தோடு வந்திருந்த தாய், கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று இவை அனைத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார். தொப்பி தொங்கிய கணத்தில் அவருடைய கை கதவின் பிடியில் இருந்தது. நான் சைகையால் தடுத்தேன். பிள்ளை வெளியே வந்ததும் சிப்பை இழுத்துவிடக் குனிந்தார். அவன் அதற்கும் இடங்கொடுக்கவில்லை. தாயின் முகத்திலே சந்தோஷத்தோடு கூட ஒரு சிறு துக்கமும் ஓடிற்று. "இனி அவனுக்கு நான் என்ன செய்யிறது, ரீச்சர்?" என்று கேட்டார்.

அன்று நான் சொன்ன மறுமொழி எனக்கு ஞாபகமில்லை. ஆனால் வேலைக்குப் போகாத தாய்மாரின் பிள்ளைகளை ஏறக்குறைய முப்பது வருஷம் கையேற்றவள் என்ற முறையில், அந்தக் கேள்வி என்னை விட்டு அகலவேயில்லை. தாய் வீட்டில் இருக்கும்போது, மூன்று வயதுப் பிள்ளையை வாரத்தில் சில மணி நேரம் அரசாங்கத்தின் செலவில் எங்களிடம் விடுவது எதற்காக என்று கேட்காத குடும்பம் எங்கள் சமூகத்தில் மிகக் குறைவு.

யாழ்ப்பாணத்தில் இரண்டு வருஷம் பாலர் வகுப்புப் படிப்பித்துவிட்டு 1989இல் லண்டனுக்கு வந்த நான், 1992இல் என் மகளுக்கு மூன்று வயதானபோதுதான் அந்தத் தேவாலய மண்டபத்துக்குள் முதன்முதலாகக் கால் வைத்தேன். அதை நேசரி என்று சொல்லமாட்டார்கள், பிளேகுரூப் என்பார்கள். 1961இல் பெல் டுட்டேவ் என்ற லண்டன் தாய், அரசாங்கம் பாலர் பள்ளிகளைத் திறக்கும்வரை காத்திராமல் தாய்மார் தாமே ஒன்றுகூடிப் பிள்ளைகளுக்கு இடம் அமைத்துக்கொள்ளலாம் என்று கார்டியன் பத்திரிகைக்குக் கடிதம் எழுத, அதிலிருந்து நாடெங்கும் பரவிய இயக்கம் அது. ஆகவே அதை நடத்தியவர்களே பெரும்பாலும் வீட்டில் இருந்த தாய்மார்தாம். முறைவைத்து ஒவ்வொரு தாயும் ஒரு காலை வேளை உதவிக்கு நிற்க வேண்டும். மாலையில் அந்த மண்டபத்தை வேறு சபையார் பாவிப்பதால், தண்ணீர்த் தொட்டி, மணல் தட்டு, நிறந்தீட்டும் பலகை, மரக்கட்டைப் பெட்டி என்று சகலத்தையும் காலையில் அலுமாரியிலிருந்து எடுத்துப் பரப்பி, மதியத்துக்குள் துடைத்து உள்ளே அடுக்கிவிட வேண்டும். என் முறை வந்த காலைகளில் நான் செய்த வேலையைப் பார்த்துத்தான் அந்த மூதாட்டி, "நீ இங்கேயே இருந்துவிடு" என்றார். அப்படியே இருந்துவிட்டேன்.

வாசலில் ஒரு பிஸ்கட் தகரம் இருக்கும்; தாய்மார் அந்த அமர்வுக்கான காசை அதற்குள் போட்டுவிட்டுப் போவார்கள். அந்தத் தகரத்தின் ஓசையை நான் நன்றாக அறிவேன். பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை பார்த்த ஒருவருடைய மனைவி, கணவருக்கு வேலை நாட்கள் குறைந்தபோதெல்லாம், "அடுத்த கிழமை வாறன் ரீச்சர்" என்று சொல்லிவிட்டுப் பிள்ளையைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போவார். அந்தச் சிறுமியின் கொளுவிக்கு மேல் ஒட்டியிருந்த மஞ்சள் வாத்துப் படத்தின் கீழே ஒன்றும் தொங்காமல் வாரங்கள் கழியும். இரண்டு பிள்ளைகளுக்கு மத்தியில் சண்டை மூண்டு சமாதானமாகி, சேர்ந்து ஒரு பாலம் கட்டத் தொடங்கியிருக்கும் நேரத்தில் அவள் திரும்பி வருவாள். வந்து, முதல் நாள் வந்தவளைப்போல மீண்டும் ஓரத்தில் நிற்பாள்.

1996இல் அரசாங்கம் நான்கு வயதுப் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் வருஷத்துக்கு 1,100 பவுண் பெறுமதியான சீட்டு ஒன்றைக் கொடுக்கத் திட்டமிட்டு, முதலில் நான்கு இடங்களில் பரீட்சித்து, மறுவருஷம் நாடெங்கும் அமல்படுத்தியது. ஆட்சி மாறியதும் அத்திட்டம் உடனே கைவிடப்பட்டது. பின்பு 1998 செப்டம்பரில் நான்கு வயதுப் பிள்ளைகள் அனைவருக்கும் வாரத்துக்கு 12½ மணி நேரம் இலவசம் என்றாயிற்று. 2004இல் அதே உரிமை மூன்று வயதுப் பிள்ளைகளுக்கும் கிடைத்தது. 2010இல் 12½ மணி 15 ஆயிற்று. வருஷத்துக்கு 38 வாரம், ஆகமொத்தம் 570 மணி நேரம். இங்கிலாந்தில் ஏட்டளவில் இன்றைக்கும் உள்ள கணக்கு இதுவே. தாய் வேலை பார்க்கிறாரா, தகப்பன் எவ்வளவு உழைக்கிறார் என்ற விசாரணை இதில் இல்லை. பிள்ளைக்கு மூன்று வயது நிறைந்து, அடுத்த தவணை பிறக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. நேசரியில் 2 மணி நேரத்துக்குக் குறையாமல் இருக்கும் பிள்ளைக்கு அரசாங்கச் செலவில் மூன்றில் ஒரு பைண்ட் பாலும் உண்டு. அந்தப் பாலை ஒரு சிறிய சாடியில் ஊற்றி வைத்துப் பிள்ளைகளையே கிண்ணத்தில் வார்க்கச் சொல்வோம், மேசை நனையும், துடைக்கும் துணியையும் அவர்களிடமே கொடுப்போம்.

பிஸ்கட் தகரம் போய்விட்டது. பெற்றோல் நிலையத்துக்காரரின் மூத்த மகள் வாத்துப் படத்தின் கீழ் விட்டுவிட்டு வந்துபோனதற்கு மாறாக, அவளுடைய தம்பி ஒரு காலைகூடத் தவறாமல் வந்தான். அக்காளையும் தம்பியையும் ஒரே மண்டபத்தில், ஒரே தாயின் கையிலிருந்து வாங்கிக்கொண்டவள் என்ற வகையில், அரசாங்கப் பணம் ஒரு பிள்ளைக்கு எதைக் கொடுக்கிறது என்பதை நான் எந்த அறிக்கையையும் படித்து அறியவேண்டியிருக்கவில்லை. இடைவிடாமல் வருகிற பிள்ளைக்கே ஒரு சிநேகிதன் கிடைக்கிறான்.

இருந்தாலும் அறிக்கைகளையும் படித்தேன். வயது முதிர்ந்த பிறகு பரீட்சை எழுதித் தகுதி பெறவேண்டியிருந்தது. படித்தவற்றுள் இரண்டு விஷயங்கள் என் மனத்தில் பதிந்தன. 1967இல் வெளிவந்த பிளவுடன் அறிக்கை, பாலர் கல்வியைப் பெரிதும் விஸ்தரிக்க வேண்டும் என்று சொல்லியபோதே, பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது அரைநாள் கல்வியாக இருப்பதே உசிதம் என்றும், இத்தனை சிறிய வயதில் தாயிடமிருந்து நாள் முழுதும் பிரித்து வைப்பது தகாது என்றும் சொல்லியது. மற்றது, 1997இல் தொடங்கிச் சுமார் 3,000 பிள்ளைகளைப் பல வருஷம் தொடர்ந்து கவனித்த லண்டன் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர்களின் ஆராய்ச்சி. நல்ல நேசரிக்கு அரைநாள் போகும் பிள்ளை, நாள் முழுதும் போகும் பிள்ளைக்குச் சமமான பயனை அடைகிறது என்றும், பெற்றோரின் உத்தியோகத்தைக் காட்டிலும் வீட்டிலே அவர்கள் பிள்ளையோடு என்ன செய்கிறார்கள் என்பதே முக்கியம் என்றும் அவர்கள் கண்டார்கள். பாட்டுச் சொல்லிக் கொடுப்பது, கதை வாசிப்பது, எண்ணிக் காட்டுவது, வெளியே கூட்டிக்கொண்டு போவது: இவ்வளவையுமே அவர்கள் குறிப்பிட்டார்கள். வெண்டிக்காய் நறுக்கும்போது துண்டுகளை எண்ணும் தாயையும், பருப்பில் கல் பொறுக்கும்போது கதை சொல்லும் அம்மம்மாவையும் மனத்தில் வைத்துக்கொண்டே அதை நான் வாசித்தேன். இப்படிப்பட்ட வீடும் இந்த 15 மணி நேரமும் ஒன்றுக்கொன்று போட்டி என்ற எண்ணம் அன்றோடு எனக்கு நீங்கிவிட்டது.

தாய்மாரின் ஆட்சேபணைகள் பலவிதம். "நான் வீட்டிலதானே இருக்கிறன் அக்கா, பிறகு ஏன் பிள்ளையைக் கொண்டுபோய் விடவேணும்?" என்பதே முதலாவது. வேலைக்குப் போகாத மருமகள் பிள்ளையை வெளியே விடுவதைச் சோம்பல் என்று மாமியார் நினைப்பாரோ என்ற பயம் இரண்டாவது. வாயைத் திறந்து சொல்லாமல் கண்ணால் சொல்லும் ஒன்றும் உண்டு: பிள்ளை போய்விட்டால் அந்த மூன்று மணி நேரம் வீடு வெறிச்சோடிப்போகும் என்பது. மொழி தெரியாத நகரத்தில், மூன்றாம் மாடி வீட்டில், கணவன் வரும்வரை பேசுவதற்கு அந்தப் பிள்ளையைத் தவிர வேறு ஆளில்லாத ஒரு தாயிடம் போய், பிள்ளையின் சமூக வளர்ச்சியைப் பற்றிப் பிரசங்கம் செய்வது நியாயமாகாது. அத்தகைய தாய்மாரை முதல் சில நாட்கள் எங்களோடேயே உட்காரச் சொல்வேன். பழம் வெட்டித் தருவார்கள். மெல்ல மெல்ல மற்றத் தாய்மாரோடு பழகுவார்கள். பிள்ளைக்குச் சிநேகிதன் கிடைப்பதற்கு முன்பே தாய்க்குச் சிநேகிதி கிடைத்த சந்தர்ப்பங்கள் உண்டு.

நான் செய்த ஒரு பிழையையும் இங்கே சொல்லாமல் விடக்கூடாது. ஆரம்ப வருஷங்களில், எங்கள் அறையில் வாயே திறக்காத ஒரு சிறுவனின் தாயிடம், "வீட்டிலயும் இங்கிலிஷிலயே கதையுங்கோ, கெதியாப் பழகிவிடுவான்" என்று புத்தி சொன்னேன். அந்நாளில் பலரும் அப்படித்தான் சொன்னார்கள், நானும் சொன்னேன். தாய் என் சொல்லைச் சிரத்தையோடு கடைப்பிடித்தார். தமக்குச் சரளமாக வராத மொழியில் சின்னச் சின்ன வாக்கியங்களாகப் பிள்ளையோடு பேசினார்; பாட்டும் கதையும் நின்றுபோயின. சில மாதம் கழித்து அவனைக் கூட்டிச் செல்ல வந்த அம்மம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "பிள்ளை, இவன் இப்ப என்னோட கதைக்கிறானில்லை" என்றார். அவருக்குத் தெரிந்தது தமிழ் ஒன்றே. அவருடைய கை மிகவும் குளிர்ந்திருந்தது. புதிய மொழி நடக்கும் இடத்துக்கு வரும் பிள்ளை சில மாதம் பேசாமல் கேட்டுக்கொண்டே இருக்கும் என்பதும், வீட்டு மொழி உறுதியாக நின்றால்தான் அதன்மேல் மற்ற மொழி ஏறும் என்பதும் பின்னர் நான் கற்றவை. இன்றைக்குச் சட்டப்படியான பாடத்திட்டமே, பிள்ளையின் வீட்டு மொழிக்கு விளையாட்டிலும் கற்றலிலும் இடங்கொடுக்க வேண்டும் என்று விதிக்கிறது. நான் அந்தத் தாயிடம் போய் என் வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து தெருவில் அவர்கள் தமிழில் பேசிக்கொண்டு போவது கேட்டது.

பிறந்த திகதியின் விஷயத்தையும் அறியாத பெற்றோர் பலர். மார்ச் 31இல் மூன்று வயது நிறையும் பிள்ளைக்கு மறுநாளே உரிமை தொடங்கிவிடுகிறது. ஏப்ரல் 1இல் நிறையும் பிள்ளையோ செப்டம்பர் வரை காத்திருக்க வேண்டும். ஓகஸ்டில் பிறந்த பிள்ளைக்குப் பெரிய பள்ளிக்கூடம் போவதற்கு முன்னர் கிடைப்பது மூன்று தவணை. இலையுதிர் காலத்தில் பிறந்த பிள்ளைக்கு ஐந்து. கோயிலில் கண்டால்கூடத் தாய்மாரிடம் பிள்ளையின் பெயரைக் கேட்பதற்கு முன் பிறந்த மாதத்தைக் கேட்கும் வழக்கம் எனக்கு இப்படித்தான் வந்தது.

2017இல் வேலை பார்க்கும் பெற்றோரின் பிள்ளைகளுக்கு 15 மணி 30 ஆக்கப்பட்டது. தாயும் தகப்பனும் ஒவ்வொருவரும் வாரத்துக்கு 16 மணி நேரக் குறைந்தபட்சக் கூலிக்குச் சமமாகவேனும் உழைக்க வேண்டும். 11 இலக்கக் குறியீடு ஒன்றைப் பெற்று, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை உறுதிசெய்ய வேண்டும். பின்னர் அதே சலுகை படிப்படியாகக் கீழ்வயதுக்கும் இறங்கி, 2025 செப்டம்பரில் 9 மாதக் குழந்தைவரை வந்துவிட்டது. வேலைக்குப் போகும் தாய்மாருக்கு இது பேருதவி. அதில் எனக்கு யாதொரு மாறுபாடும் இல்லை. என் மகளே அதனால் பயன் பெற்றாள். ஆனால் பத்திரிகையிலும் சுவரொட்டியிலும் "வேலை பார்க்கும் பெற்றோருக்கு" என்ற சொற்களே பெரிதாகத் தெரியவும், வீட்டில் இருக்கும் தாய்மார் தங்களுக்கு ஒன்றுமே இல்லை என்று முடிவு கட்டிக்கொண்டார்கள். 15 மணி நேரம் ஒருநாளும் எடுபடவில்லை என்பதை நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்!

அதைவிட என்னை வருத்தியது நேசரிகளுக்குள்ளே நடந்த மாற்றம். நான் வேலை பார்த்த இடங்களுள் ஒன்றில், காலை 9 மணி முதல் 12 மணி வரை ஐந்து நாளும் இருந்த அமர்வுகளை எடுத்துவிட்டு, 15 மணி நேரத்தை ஏழரை மணி வீதம் இரண்டு நாளில் கொடுக்கத் தொடங்கினார்கள். சட்டம் அதை அனுமதிக்கிறது. ஆனால் தாயை ஒரு மணி நேரம்கூடப் பிரிந்தறியாத பிள்ளை, இரண்டு நீண்ட நாட்கள் அழுது களைத்து, பிறகு ஐந்து நாள் வீட்டில் இருந்து எல்லாவற்றையும் மறந்து, மறுவாரம் முதலிலிருந்து தொடங்குவதை நான் கண்ணால் கண்டேன். பிஸ்கட் தகரத்துக் காலத்தில் வாத்துப் படத்தின் கீழ் நடந்ததே இப்போது வேறு காரணத்தால் நடந்தது. நீண்ட நாள் என்றால் மதிய உணவு. அந்த உணவுக்கும் கைதுடைக்கும் தாளுக்கும் கட்டணம் என்று வந்தது. அத்தகைய கட்டணம் பெற்றோரின் விருப்பத்துக்கு உட்பட்டதாகவே இருக்க வேண்டும், அதை இடம் தருவதற்கு நிபந்தனையாக்கக் கூடாது என்பது அரசாங்கத்தின் விதி. அது அறியாத ஒரு தாய், ஒருவருடைய சம்பளத்தில் நடக்கும் வீட்டிலிருந்து மூன்று மாதம் அதைக் கட்டிவிட்டு, ஒருவரிடமும் சொல்லாமல் பிள்ளையை நிறுத்திவிட்டார். எனக்குத் தெரியவந்தபோது விதியை அச்சிட்டு எடுத்துக்கொண்டு போய் நிர்வாகியின் மேசையில் வைத்தேன். அரசாங்கம் தரும் மணிக்கூலி செலவுக்குக் காணாது என்பது அவர் பக்கத்து நியாயம். அதிலும் உண்மை இருந்தது. அடுத்த தவணையிலிருந்து கட்டணம் விருப்பத்துக்கு விடப்பட்டது. ஆனால் அந்தப் பிள்ளை திரும்பி வரவில்லை. அவளுக்காக ஒரு மாதம் வரை நான் வெறுமையாக வைத்திருந்த கொளுவியை, ஏழு மணிக்கே வந்து ஆறு மணிவரை இருக்கும் வேறொரு பிள்ளைக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று.

இப்போது நான் ஓய்வில் இருக்கிறேன். சனிக்கிழமைகளில் பேரனைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், அங்கே தாழ்வாரத்து வாங்கில் உட்கார்ந்திருப்பேன். விஷயமறிந்த தாய்மார் படிவங்களைக் கொண்டு வருவார்கள். சென்ற மாதம் ஓர் இளந்தாய், கைவண்டியில் உறங்கும் சின்னவனை ஒரு காலால் ஆட்டியபடியே, மூத்தவனுக்கான பெற்றோர் படிவத்தை என்னிடம் நீட்டி, "வேலை எண்ட இடத்தில என்ன எழுதுறது அக்கா? ஒண்டுமில்லை எண்டு எழுதவா?" என்று மிகவும் மெதுவாகக் கேட்டார்.

படிவத்தை என் மடியில் வைத்து ஒவ்வொரு வரியாகக் காட்டினேன். பிள்ளையின் பெயர், பிறந்த திகதி, விலாசம், எந்த நேசரி, எந்த நாட்களில் எத்தனை மணி, கீழே கையொப்பம். 11 இலக்கத்துக்கு ஒரு கட்டம் இருந்தது; அது 30 மணி கேட்பவர்களுக்கு உரியது, அதை வெறுமையாக விட்டுவிடலாம் என்றேன். அவர் நம்பவில்லை. தாளை என் கையிலிருந்து வாங்கி, மறுபக்கம் திருப்பி, மேலிருந்து கீழ்வரை தாமே ஒருமுறை விரல் வைத்துத் தேடினார். அவரைப் பற்றிய அந்தக் கேள்வி எங்கும் இல்லை. பிறகு பேனையைத் திறந்து, வாங்கின் விளிம்பில் தாளை அழுத்தி வைத்துக்கொண்டு, பிள்ளையின் முழுப்பெயரை ஒவ்வோர் எழுத்தாக எழுதத் தொடங்கினார்.